பாட்டிலுக்கு ஒரு ஈரத்துண்டு

மகள் வாங்கி வந்த சிவப்பு ஃபைட்டர் மீனுக்காக, முதல் நாளே பிடித்துவைத்த தண்ணீரில் காய்ந்த வாதாம் இலை ஒன்றைப் போட்டோம். இலை ஊறிக் கிளம்பிய மணத்தில், கிளிஞ்சல்மேட்டில் சுனாமி கொண்டுபோன எங்கள் கொல்லை திரும்பி வந்தது.

அங்கே வாதாம் மரத்தடியில்தான் அம்மா அருவாமனையைப் போட்டு, சாம்பல் தொட்டு மீன் வெட்டுவாள். பக்கத்துக் கல்லின் மேல், வாயகன்ற பாட்டிலில், என் நீல ஃபைட்டர் இருக்கும். வெட்ட உட்காரும் முன் தினமும் ஈரத்துண்டால் பாட்டிலை வாயோடு சேர்த்து மூடிவிடுவாள்.

"மீனுக்குத் திரை கட்டி மீன் வெட்டுறவள இங்கதான் பாக்குறேன்," என்று பக்கத்து வீட்டு அத்தை சிரிப்பார்.

"அதுவும் பாத்துக்கிட்டுதானே இருக்கும் அண்ணி," என்பாள் அம்மா, தலை நிமிராமல்.

ஒருநாள் அந்தத் துண்டை நான் குளிக்க எடுத்துப் போய்விட்டேன். திரும்பியபோது, மூடாத பாட்டிலிலிருந்து மீன் துள்ளிப் போயிருந்தது. அம்மா மத்திக் குவியலைத் துழாவிக்கொண்டிருந்தாள். அடியில் நீலமாக ஒன்று துடித்தது. கையிலிருந்த சாம்பலைக் கழுவி, ஈர உள்ளங்கையில் ஏந்தி அதைத் தண்ணீரில் விட்டவள், அது ஒரு சுற்று நீந்தும்வரை அசையவே இல்லை. மிச்ச மீனை வெட்ட அன்று அவளுக்குக் கை வரவில்லை. ரசம்தான் வைத்தாள்.

மகள் தொட்டிக்கு வலைமூடி போட்டிருக்கிறாள். இன்று மீன் கழுவும் முன் நான் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் விரித்தேன்.

"அதான் மூடி இருக்கேம்மா," என்றாள்.

"தெரியும்," என்று, கண்ணாடியும் மறையும்படி துண்டை இழுத்துவிட்டேன்.