வாசலிலிருந்து கழிப்பறை வரை முப்பது அடி

இந்த வேலையில் ஒரு கோப்பு சீக்கிரம் முடிய ஒரே வழிதான் உண்டு: விண்ணப்பித்தவர் காலமாகிவிட வேண்டும்.

இருபத்தைந்து வருஷம் ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தி எழுதி ஓய்ந்தபின், பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கோயம்புத்தூர் பஸ் திரும்பிப் போகிற எங்கள் ஊரில், முதியோர் உதவி மேசையில் உட்கார்ந்தேன். வாக்கர், கைப்பிடி, சக்கர நாற்காலி, வீட்டுக்கு வரும் நர்ஸ் என்று யாருக்கு எது தேவையோ, அதை எந்த அலுவலகம் தரும் என்று கண்டுபிடித்து, மலையாளத்தில் படிவம் நிரப்பி, அதன் பின்னாலேயே அலைய வேண்டும். வீட்டில் வயதானவர் உள்ள உங்களுக்கு இந்த அலைச்சலை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒருவருடைய கோப்பைச் சொல்கிறேன். மற்றவற்றை நீங்களே நிரப்பிக்கொள்வீர்கள்.

தண்ணீர் குடிக்காதவர்

மாரப்பண்ணன் கிணறு வெட்டியவர். எங்கள் பக்கம் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற பூமி. ஊரில் பாதிப் பேர் குடிக்கிற தண்ணீர் அவர் கடப்பாரை பட்ட பிறகு வந்ததுதான். எழுபத்தெட்டு வயதில் இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினார். வாசலில் மூன்று படி. அங்கிருந்து முப்பது அடி தள்ளி, தென்னை மரத்தைத் தாண்டிக் கழிப்பறை. மனைவி இறந்து வெகுநாளாயிற்று. மகன் குமார் விடிந்ததும் கம்பெனிக்குப் போய்விடுவான். ஆக, போக வரக் கைத்தாங்கல் மருமகள் சரஸ்வதிதான்.

சிறுநீரில் கிருமி, ஆள் தண்ணீரே குடிப்பதில்லை என்று நர்ஸ் சொல்லி என்னை அனுப்பினார். ஏன் என்று மாரப்பண்ணனிடமே கேட்டேன். சரஸ்வதி அடுப்படிக்குப் போகட்டும் என்று கையமர்த்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "குடிச்சாப் போகோணுமுங்க. போனா அந்தப் புள்ள வந்து கையப் புடிக்கோணும். குடிக்காட்டி ரெண்டு பேருக்கும் தொந்தரவில்ல பாருங்க."

பயனாளி நேரில் வரவும்

வாக்கர் மூன்றாம் மாதம் அனுமதியானது. நடக்க முடியாதவர் என்று டாக்டர் சான்று கொடுத்தவருக்கு, விழா மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளும்படி கடிதம் வந்தது. குமார் லீவு போட்டான். நான்கு பேர் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேடையேற்றினோம். பிரமுகர் வர இரண்டு மணி நேரம். எல்லோருக்கும் மோர் வந்தது. அண்ணன் தொடவில்லை.

ஒருவழியாக வாக்கரை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் வாக்கரை வாங்கி அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். ஏழு பேர், ஒரு வாக்கர். இருபத்தைந்து வருஷமாக இப்படிப்பட்ட படங்களுக்குக் கீழே 'பயனாளிகளுக்கு வழங்கினார்' என்று எழுதியவன் நான். படத்துக்குப் படம் அதே வாக்கர்தானா என்று ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. மேடைக்குப் பின்னால் கிளார்க்கைப் பிடித்துக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "சாமான் பின்னாடி வந்துருமுங்க. பிரமுகரு பின்னாடி வருவாருங்களா?"

ஆணியில் தொங்கியது

சாமான் வரத்தான் செய்தது. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் தொங்கியது. மாரப்பண்ணன் அதற்கு நேர் எதிரே கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரஸ்வதி கெட்டவள் அல்ல. வாங்கிய சோபாவின் உறையைக்கூடப் பிரிக்காத வீடுகள் எங்கள் ஊரில் நிறைய. "ஏம்மா, இதை அவருக்குக் கொடுக்கலையா?" என்றேன். அவள் திடுக்கிட்டுப் போனாள். "புத்தம் புதுசுங்க. கக்கூசுக்கெல்லாங் கொண்டுட்டுப் போனா என்னத்துக்காகறது? மாமா கலியாணங் காச்சிக்குப் போறப்ப எடுத்துக்கலாம்னு வெச்சிருக்கறனுங்க."

லாபம், நஷ்டம், லாபம்

உறையைப் பிரித்தோம். ஆனால் வாக்கர் படி இறங்காது. படிகளை இடித்துச் சரிவு கட்டுங்கள் என்று குமாரிடம் சொன்னேன். அவன் கூட்டி வந்த கொத்தனார் படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லாபம், நஷ்டம், லாபம் என்று எண்ணி, லாபத்தில் முடிகிற மாதிரி கட்டிய மூன்று படி. சரிவில் எது லாபம், எது நஷ்டம், எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

அடுத்த முறை போனபோது வேலை முடிந்திருந்தது. மூன்று படியும் அப்படியே இருந்தன. நட்டநடுவில் ஒரு சாண் அகலத்துக்குச் சிமெண்ட் சரிவு, சறுக்குமரம் போல. குமாரின் மோட்டார் சைக்கிள் அதன் வழியே ஏறி உள்ளே நின்றுகொண்டிருந்தது. வாக்கருக்கு நான்கு கால் ஆயிற்றே என்றேன். குமார் வருத்தப்பட்டான், என் மேல்தான். "நூத்தியம்பது கிலோ வண்டி ஏறுதுங்க. அம்பது கிலோ அப்பன் ஏற மாட்டாருங்களா?"

கிணற்றுக் கயிறு

அதற்குப் பிறகு மாரப்பண்ணன் என்னைக் கலந்துகொள்ளவில்லை. பரணில் கிடந்த கிணற்று வடத்தை இறக்கச் சொன்னார். அவர் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, சரஸ்வதி நிலைக்கதவுக்குப் பக்கத்துத் தூணிலிருந்து தென்னை வழியாகக் கழிப்பறைக் கதவு வரை, இடுப்புயரத்தில் இழுத்துக் கட்டினாள். முடிச்சு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்ட வைத்தார்.

கயிற்றைப் பிடித்து, கிணற்றில் இறங்குகிற மாதிரியே முதுகைக் காட்டிக்கொண்டு படி இறங்கினார். கீழே வந்ததும் திரும்பி, கை மாற்றிக் கை மாற்றிப் போனார். தானே போய், தானே வந்தார். நர்ஸுக்குப் பிடித்திருந்தது, ஆனால் மழைக்காலம் வந்தால் கயிறு ஊறி முடிச்சு வழுக்கும், இன்னொரு முறை விழுந்தால் எழ மாட்டார், அதற்குள் இரும்புக் கைப்பிடி வேண்டும் என்று கறாராகச் சொன்னார். நான் மறுபடி படிவம் நிரப்பினேன். கையெழுத்து வாங்கப் போனபோது சரஸ்வதி சொன்னாள்: "முந்தி ஒரு டம்ளருக்குக் கெஞ்சுவனுங்க. இப்ப கொடம் எந்நேரமும் காலி."

ஓவர்சியர் வந்த நாள்

கைப்பிடிக்கு இடம் பார்க்க ஓவர்சியர் வந்தார். பாலக்காட்டுக்கு மேற்கே ஊர், மலையாளம் கலந்த தமிழ், நல்ல மனிதர், ஆனால் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: பயனாளி உதவியின்றி நடப்பாரா? வீட்டுக்கு அதிகாரி வந்த பெருமையில் மாரப்பண்ணன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தென்னை வரை போய்த் திரும்பிக் காட்டினார். ஓவர்சியர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'நடக்கிறார். தேவையில்லை.' "கயிறு இருக்கே சார்" என்றேன். "கயிறு எஸ்டிமேட்டில இல்லல்லோ. ஆளு நடக்குது, அது ஞான் கண்டு" என்றார்.

மாரப்பண்ணன் படியில் உட்கார்ந்து, தூணில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். அவர் முடிச்சு, ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கயிறு தென்னை வரை தரையில் விழுந்தது. "அவுத்துட்டனுங்க சார்" என்றார். "இப்பத்தான் ஒரு சொம்பு குடிச்சேன். ஒரு கை குடுங்க, போலாம்."

சரஸ்வதி நகரவில்லை. நானும் நகரவில்லை. ஓவர்சியர் பேனாவைப் பையில் செருகிவிட்டுக் கை கொடுத்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்றார்கள். கதவுக்கு வெளியே வெயிலில் நின்று காத்திருந்து, திரும்பக் கூட்டி வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எழுதியதை அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதிக்கொண்டே சொன்னார்: "பேப்பரில முப்பது அடிதான் சாரே. நடந்தா ஜாஸ்தி உண்டு."

மழைக்கு முன்பே இரும்புக் கைப்பிடி வந்துவிட்டது. சரஸ்வதி அதில் துணி காயப் போடுகிறாள், மாரப்பண்ணன் ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டு போய் வருகிறார், 'கைப்பிடி முழுப் பயன்பாட்டில் உள்ளது' என்று நான் எழுதிய அறிக்கையில், என் தொழில் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு பொய்யும் இல்லை.