சுற்றுலா என்று எழுத மறுத்தவள்

நாளை மாலை நீங்கள் வீடு திரும்புவீர்கள் என்று இன்றைக்கே நிரூபிக்கச் சொன்னால் உங்களால் முடியுமா? "வருவேன்" என்று வாயால் சொல்வது செல்லாது. காகிதம் வேண்டும். உங்கள் முகத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ஒருவர் படித்த மாத்திரத்தில் நம்பும்படியான காகிதம். கொடியில் காய்கிற துணி அதற்கு ஆதாரம் ஆகுமா? பூட்டிவிட்டு வந்த கதவு?

இந்தக் கேள்வியில்தான் அந்தப் பெண் மாட்டிக்கொண்டாள். பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுப்பாள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்பாள். பிழைக்க வந்த இந்த வெளிநாட்டு ஊரில் பாதிப் பேர் சிரிப்பு அவள் கை பட்டது. வந்தபோது தலையில் ஒரு நரை கிடையாது. இப்போது பிளாஸ்டர் தூசி எது, நரை எது என்று அவளுக்கே குழப்பம். புருஷனுக்குப் பேருந்துப் பணிமனையில் வேலை, மகளுக்கு இங்கேதான் பள்ளி. ஆனாலும் குடியிருப்பு அட்டை மட்டும் ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டியது. அதிகாரிகளின் கணக்கில் அவள் இன்னும் வாசலில் செருப்போடு நிற்கும் விருந்தாளி.

அவளுக்கு ஒரு அக்கா. அம்மா போன பிறகு அம்மாவுக்கு அம்மாவாக இருந்தவள். வாழ்வது ஐரோப்பாவில். சர்க்கரை நோய் முதலில் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு கண்ணுக்கு வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுக்க வேண்டும் என்பதால் அக்காவால் எங்கும் கிளம்ப முடியாது. தங்கைதான் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் இருவரும் பேசிக்கொள்வார்கள்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாடி."

"வெளிச்சத்துலதான்க்கா இருக்கேன்."

"அப்படியா? எனக்கு உன் மூக்கு மட்டும்தான் தெரியுது. அது எந்தக் காலத்துல தெரியாம இருந்துச்சு?"

தங்கை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

"முழுசா இருட்டறதுக்குள்ள ஒரு தடவ வந்து எதிர்ல உட்காரு. போன்ல பாக்கறது பத்தல."

அன்று தொடங்கியது அலைச்சல். விசா விண்ணப்பம் கொடுக்க முதலில் ஒரு நாள் குறித்துக்கொள்ள வேண்டும். இணையப் பக்கம் எப்போது திறந்தாலும் "இடம் இல்லை" என்றது. பிளாஸ்டர் கையோடு தட்டித் தட்டி அவள் போன் முழுக்க வெள்ளை ரேகை. ஒருவழியாக நாள் கிடைத்தபோது குடியிருப்பு அட்டை காலாவதி ஆகப்போகிறது, முதலில் அதைப் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். புதுப்பிக்கிற அலுவலகம் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டது. அது கைக்குத் திரும்பி வருவதற்குள், குறித்திருந்த நாள் போயே போய்விட்டது. சொந்த நாட்டிலிருந்து விண்ணப்பிக்கலாமா என்று கேட்டால், வசிக்கிற நாட்டில்தான் கொடுக்க வேண்டும் என்று பதில். வசிக்கிற நாட்டில் கேட்டால், நீங்கள் இந்த நாட்டவர் இல்லையே, கூடுதல் ஆவணம் கொண்டுவாருங்கள் என்று பதில். இரண்டு கதவுக்காரர்களும் மற்றவர் வாசலைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

கூடத்தில் பக்கத்து மேசையில் பல்லுக்கு மெருகு போடுகிற அண்ணன் ஒருவர் உண்டு. இதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

"சுற்றுலான்னு போடு தங்கச்சி. கோபுரம் பாக்கணும், படகுல போகணும்னு எழுது. ஓட்டல் புக் பண்ணிக் காட்டு, விசா வந்ததும் கேன்சல் பண்ணிடு. நான் அப்படித்தான் போயிட்டு வந்தேன்."

"நான் கோபுரம் பாக்கப் போகலயே அண்ணா."

"போகலன்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல."

அவர் மெருகு இயந்திரத்தை நிறுத்தினார். "உனக்கு விசா கிடைச்ச மாதிரிதான். பொய் சொல்லத் தெரியாதவங்களப் பாத்தாத்தான் அவங்களுக்கு சந்தேகமே வரும்."

அவள் கேட்கவில்லை. இவ்வளவு பெரிய காரணம் கையில் இருக்கும்போது எதற்குக் கோபுரத்தின் பின்னால் ஒளிய வேண்டும்? அக்காவின் கண் மருத்துவரிடம் கடிதம் வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். பார்வை வேகமாகக் குறைகிறது, தங்கை சீக்கிரம் வந்து பார்ப்பது நல்லது என்று அதில் இருந்தது. அதைவிட வலுவான ஆதாரம் உலகத்தில் இல்லை என்று நம்பினாள். நேர்மையாக வளர்ந்தவர்கள் செய்கிற தவறு அது.

புது அட்டையும் கேட்ட ஆவணங்களும் சேர்த்து, மறுபடி ஒரு நாள் வாங்கிப் போனாள். விசா மையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த இளம்பெண் அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது பட்டியல்ல இல்லையே மேடம்."

"அதுதான்மா முக்கியம். அதுக்காகத்தான் போறேன்."

"வேணும்னா வைங்க. முடிவு நாங்க பண்றதில்ல."

"யார் பண்றாங்க?"

"அது எங்களுக்கும் தெரியாது மேடம்." குரலில் திமிர் இல்லை. அவளும் ஆண்டுக்காண்டு அட்டை புதுப்பிக்கிறவளாக இருக்கலாம்.

காத்திருந்து காத்திருந்து கடைசியில் உறை வந்தது. மறுப்பு. உடன்பிறந்தவரின் உடல்நிலையைப் பார்க்கும்போது விண்ணப்பதாரர் அவரைக் கவனிக்க அங்கேயே தங்கிவிட வாய்ப்பு உண்டு. வசிக்கும் நாட்டிலும் தற்காலிக அனுமதியே இருப்பதால் திரும்புவார் என்பதில் ஐயம் உள்ளது. அவ்வளவுதான். அவள் மேலே வைத்த கடிதமே அவளுக்கு எதிர்சாட்சி ஆகிவிட்டது.

கட்டம் போட்டு நாளைக்கு நடப்பதைச் சொல்கிறவரை நாம் ஜோசியர் என்கிறோம், அறிவுள்ளவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதே வேலையை ஒருவர் குளிர்பதன அறையில் உட்கார்ந்து, முத்திரை குத்திச் செய்தால் அதற்குப் பெயர் நிர்வாகம். ஜோசியராவது சொன்னது பலிக்காவிட்டால் வசவு வாங்குவார். இவருக்கு அந்தப் பயமும் இல்லை. போக விடாமல் தடுத்துவிட்டால், திரும்பி வந்திருப்பாளா என்பது யாருக்குத் தெரியப்போகிறது? புருஷனையும் பெற்ற மகளையும் இங்கே விட்டுவிட்டுப் போகிறவள் அக்காவைப் பார்த்துவிட்டு எங்கே ஓடிவிடுவாள்? அக்காவைக் கவனித்துக்கொள்ள ஆசைப்படுவாள் என்பது உண்மைதான். அந்த ஆசை எப்போதிலிருந்து குற்றம் ஆயிற்று?

"இப்பவாவது சுற்றுலான்னு போட்டுப் பாரேன்" என்றார் அண்ணன், அரை மனதோடு.

"முன்னாடி மறுப்பு வந்திருக்கான்னு கேக்கறாங்க அண்ணா. அக்காவோட டாக்டர் கடிதம் அவங்ககிட்டயே இருக்கு. இனிமே பொய்யும் சொல்ல முடியாது."

அவர் மறுபடி மெருகு இயந்திரத்தை ஓட்டினார். மேல்முறையீடு செய்யலாமாம். அந்த நாட்டு மொழியில் எழுத வேண்டும். பதில் எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை.

அந்த வாரம் ஒரு மதியம் அக்காவிடமிருந்து அழைப்பு. ஞாயிறு அல்ல. வீடியோவும் இல்லை.

"என்னக்கா, வீடியோ போடல?"

"எதுக்கு? டேட்டா தண்டம். சும்மா பேசு."

தங்கை பிளாஸ்டர் மூட்டை மேல் மெல்ல உட்கார்ந்தாள். கையில் பாதி வரிசை பதித்த மெழுகு அச்சு.

"எப்பலேருந்துக்கா?"

"போன வாரத்துலேருந்து. அதுல ஒண்ணும் இல்ல விடு. விசா என்னாச்சு?"

"பாத்துக்கிட்டு இருக்காங்க."

கோபுரத்தைப் பற்றி ஒரு வரி எழுத மறுத்தவள் சொன்ன பொய் அது.

"பாக்கட்டும் பாக்கட்டும். அவங்களுக்காவது கண்ணு தெரியுதே." அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "எப்ப வந்தாலும் வா. உன் மூக்கக் கையாலயே கண்டுபிடிச்சுடுவேன்."

கையின் சூட்டில் மெழுகு இளகி, பற்கள் வரிசை குலைந்து சாய்ந்தன. அன்று அந்த அச்சை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

அக்காவின் பார்வை இனி வராது. ஆனால் அக்கா இருக்கிறாள், கை இருக்கிறது, மேல்முறையீட்டுக்குக் கெடு இன்னும் முடியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் ஐரோப்பியக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உண்மையைச் சொன்னவளை எந்த ஆதாரத்தைக் கொண்டு சந்தேகித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். அவளுடைய கடிதத்தை ஒதுக்கியவர்களால் உங்களுடையதை அப்படி ஒதுக்க முடியாது. தயவுசெய்து இன்றைக்கே எழுதுங்கள்.