பானுமதியின் நோட்டில் காலியாக இருந்த வரி

செங்கல் சூளையிலிருந்து வந்த ஒடிசாக்காரப் பெண் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்த பொரியில் ஒரு பிடியை வாயில் போட்டுக்கொண்டு, பானுமதி மேசை இழுப்பறைக்குள் பென்சிலைத் துழாவுகிறார். அந்தப் பெண் வந்தது ஆதாரில் போன் நம்பரை மாற்ற. அந்த வேலை முடிந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. ஆனால் பானுமதி விடுவதாக இல்லை. "உங்க ஊர்ல வூட்டுக்கு யாராச்சும் வந்தா மொதல்ல இதத்தான் குடுப்பீங்களா?" என்று பாதி தமிழிலும் பாதி கைஜாடையிலும் கேட்கிறார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறாள். நீள நோட்டில் பென்சிலால் ஒரு சொல் ஏறுகிறது: தொவுரா. தொவு என்றால் பொரி; ரா என்றால் கொடுக்கிற கை. அதையும் அவளுக்கு நடித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகுதான் மைப்பேனாவை எடுத்துப் பென்சில் எழுத்தின் மேல் ஓட்டுகிறார். பிறகு குனிந்து, ஈரம் காயும்வரை ஃபூ ஃபூ என்று ஊதுகிறார். ஒடிசா மக்களுக்கு அவருடைய மொழியில் பெயர் வைத்தாயிற்று.

பாப்பாரப்பட்டியிலிருந்து மினிபஸ்ஸில் அரைமணி நேரம் போனால் சின்னாரம்பட்டி. அங்கே கிளை அஞ்சலகம் என்பது பானுமதி வீட்டின் முன்னறைதான். ஒரு மேசை, ஒரு தராசு, தேதி முத்திரை, கைரேகை வைக்கும் மிஷின். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். நாற்பத்தாறு வயதான பானுமதி இங்கே போஸ்ட் மாஸ்டர், தபால் பட்டுவாடாக்காரர், பெருக்குகிறவர் எல்லாமே. வலது கட்டைவிரலில் முத்திரை மை எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு காது உடைந்து மூன்று வருடமாக ரப்பர் பேண்டில் ஓடுகிறது. சிக்னல் போய் மிஷின் சுற்றிக்கொண்டே இருந்தால் அதைத் தன் மொழியில் வைவார். யாருக்கும் புரியாததால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

அந்த மொழிக்கு நெமி என்று பெயர். பத்தாவது படிக்கும்போது பக்கத்து பெஞ்சுத் தோழியோடு ரகசியம் பேசுவதற்காக ஆரம்பித்தது. தோழிக்குக் கல்யாணம் ஆனதும் அவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டாள். பானுமதிக்கும் கல்யாணம் ஆயிற்று, ஆனால் மறக்கவில்லை. இன்றைக்குப் பதினொரு நீள நோட்டுகள், தமிழ் எழுத்தில் எழுதிய நாலாயிரத்துச் சொச்சம் சொற்கள். கணவர் தீர்த்தகிரி தக்காளி விவசாயி. விடிவதற்கு முன் பாலக்கோடு மார்க்கெட்டில் இருக்க வேண்டியவர். அவர் கருத்து சுருக்கமானது. "இருக்கற பாஷைல பேசவே இங்க நேரமில்ல. இவ புதுசா ஒன்னு பண்ணிக்கிட்டு இருக்கறா." சொல்லிவிட்டு, அடுத்த முறை மார்க்கெட்டுக்குப் போய்வரும்போது நீள நோட்டு ஒன்றும் வாங்கி வருவார்.

பதினாறு வயதில் பானுமதி மற்ற மக்களுக்கு வைத்த பெயர்களைப் பார்த்தால் இன்று அவருக்கே முகம் சுண்டிவிடும். புவியியல் புத்தகத்தில் படத்தைப் பார்த்து மூக்கை வைத்து, கண்ணை வைத்து, நிறத்தை வைத்து ஒரே மூச்சில் நாற்பது நாடுகளுக்குப் பெயர் வைத்திருந்தார். தீர்த்தகிரிக்குக் கல்லடைப்பு வந்து பெங்களூரு ஆஸ்பத்திரிக்குப் போன வருடம்தான் அதற்கு விடிவு வந்தது. மருந்துக்கடை வரிசையில் ஒருவன் தமிழர்களைக் கேலி செய்ய அங்கே சொல்கிற ஒரு பட்டப்பெயரால் பானுமதியைக் கூப்பிட்டான். திரும்பிப் பார்க்கக்கூட உடம்பு கூசியது. அன்று சாயங்காலம் அறை தேடிப் போன வீட்டில் ஒரு கன்னடக்காரம்மா, பேர் ஊர் எதுவும் கேட்கும் முன்னால், ஒரு வெல்லக்கட்டியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் நீட்டினார். பானுமதி அந்த வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார்.

ஊர் திரும்பியதும் பழைய நாற்பது பெயர்களையும் அடித்தார். புதிதாக மூன்று விதிகள் எழுதினார். வந்தவர் கையில் முதலில் எதைக் கொடுக்கிறார்களோ அதுதான் ஒரு மக்களுக்குப் பெயர். அதைப் பானுமதியே தன் கையால் வாங்கியிருக்க வேண்டும், கேள்விப்பட்டது சேராது. அந்த மக்களில் ஒருவராவது ஆமாம் என்று சொல்லும்வரை பெயர் பென்சிலில்தான் இருக்கும். இப்படித்தான் கன்னடக்காரர்கள் சூபிரா ஆனார்கள், வெல்லம் கொடுக்கிற கைக்காரர்கள். அண்ணன் மகள் பிரியதர்ஷினி வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனி விழாவில் ஒரு ஜப்பான்காரர் குனிந்து, இரண்டு கையாலும் தன் பெயர் அச்சடித்த அட்டையை நீட்டினார். தன் பெயரையே முதலில் கையில் கொடுக்கிற மக்கள் என்று ஒரு சொல் பிறந்தது. அந்த அட்டையை இன்னும் நோட்டுக்குள் வைத்திருக்கிறார். பொரிக்கு முன்னால், இருபது வருடத்தில் மொத்தம் பதினேழு பெயர்கள். வேகம் போதாதுதான். ஆனால் ஒன்றுகூட யாரையும் கூசவைக்காது என்பது அவர் பெருமை.

நெமியை உலகத்தில் பேசத் தெரிந்த இரண்டாவது ஆள் குள்ளம்மாள். ஊருக்குக் கிழக்கே, ரோட்டைத் தாண்டி இருக்கும் காலனியில் குடியிருப்பவர். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். மகள் சோபனா நர்சிங் முடித்துவிட்டு வேலை ஆர்டருக்காகக் காத்திருந்ததால், இரண்டு வருடமாகத் தினமும் ஜன்னலுக்கு வந்து கடிதம் வந்ததா என்று கேட்பார். மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும் நேரங்களில் ஜன்னலுக்கு வெளியே நின்றபடியே ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துக்கொண்டார். "லிச ஓனா?" என்பார். லிச என்றால் காகிதம், கடிதமும் அதுதான். ஓனா என்றால் வந்ததா. இல்லை என்பதற்குப் பானுமதி நெமியில் பதில் சொல்வார். தான் செய்த சொல் இன்னொருவர் வாயிலிருந்து வருவதைக் கேட்பதில் இருக்கும் சந்தோஷத்தைப் பானுமதி யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குரல் கேட்காத நாட்களில் அவருக்கு ஏதோ ஒன்று குறையும்.

பொரி கொடுத்த பெண் போனதும் ஜன்னலுக்கு வந்தவர் குள்ளம்மாள்தான். புதுப் பெயரைக் கேட்டார், சிரித்தார், பதினேழோடு சேர்த்துப் பதினெட்டையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"சப்பான்காரனுக்கு இருக்குது, ஒரியாக்காரனுக்கு இருக்குது. எங்க ஆளுங்களுக்கு என்னா பேருங்க போஸ்டம்மா?"

"நாமெல்லாம் ஒன்னுதாங்க குள்ளம்மா. அதுக்கு எதுக்குத் தனியா?"

"சரிங்க. அந்த ஒன்னுக்கு என்னா பேரு?"

பானுமதி நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினார். முதல் வரியில் ‘நாம்’ என்று தமிழில் எழுதி, எதிரே வெறுமையாக விட்டிருந்தது. சொந்த வீட்டுக்கு எப்படி விருந்தாளியாகப் போவது என்று அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். அதைச் சொன்னார். குள்ளம்மாள், பானுமதியின் மாமியார் பெரியம்மாள் உள்ளேயிருந்து கொண்டுவந்து வைத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, பேப்பர் கப்பைக் கசக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அன்று முழுக்கப் பானுமதிக்கு வேலை ஓடவில்லை. ஜப்பான்காரரிடம் வாங்கியிருக்கிறார். நூறு தப்படி தள்ளி இருக்கும் காலனியில், பதினெட்டு வருடமாகத் தபால் கொண்டுபோயும், எந்த வீட்டிலும் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. யாராவது கேட்டால், "இப்பத்தாங்க குடிச்சிட்டு வந்தேன்" என்பார். யாரும் அவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் பழகிக்கொண்டது, அப்படியே வாயில் நின்றுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் தபால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குள்ளம்மாள் வீட்டு வாசலுக்குப் போனார். "கொஞ்சம் தண்ணி குடுங்க குள்ளம்மா" என்றார். குள்ளம்மாள் முகம் மலர்ந்து உள்ளே போனார். சொம்பைக் கழுவும் சத்தம் கேட்டது. தண்ணீரோடு திரும்பி வந்தவர், பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த நோட்டையும் பென்சிலையும் பார்த்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றார்.

"தாகத்துக்கு வந்தீங்களா, பேருக்கு வந்தீங்களா?"

பானுமதி நோட்டைப் பைக்குள் அழுத்தினார்.

"இத்தன வருசத்துல ஒரு நாளும் தாகம் எடுக்கல உங்களுக்கு. இன்னைக்கு நோட்டுக்கு எடுத்திருக்குது." குள்ளம்மாளின் குரல் உயரவில்லை. "எங்க பேரு இருக்கட்டுங்க. அந்த மொத வரி காலியா கெடக்குதே, அத எழுதுங்க. உங்க வூட்டுக்கு விருந்தாளியா நீங்க வர முடியாது, சரி. நான் வந்திருக்கறனே. என் கைக்கு மொதல்ல என்னா வருது, உங்களுக்கே தெரியும்."

சொம்பை உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பிறகு ஒன்பது நாள் ஜன்னலில் லிச ஓனா கேட்கவில்லை. பானுமதி மிஷினை வையவும் மறந்துபோனார். ஒவ்வொரு நாளும் ஜன்னலுக்கு வருகிறவர்களையும், பெரியம்மாள் கொண்டுவரும் தண்ணீரையும் முதன்முறையாகப் பார்த்தார். தெருக்காரர் வந்தால் எவர்சில்வர் டம்ளர். காலனியிலிருந்து யாராவது வந்தால், ஜன்னல் திட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்திருக்கும் பேப்பர் கப். தனக்குப் பொரி கொடுத்த பெண்ணுக்கும் அன்று டம்ளர்தான் வந்தது என்பது நினைவுக்கு வந்தது. மாமியாரிடம் கேட்டார். "கொரோனா வந்ததுல இருந்து வெச்சிருக்கறோம். சுத்தமா இருக்குதுல்ல, கழுவுற வேலையும் இல்ல" என்றார் பெரியம்மாள். "அப்ப எல்லாருக்குமே அதுல குடுக்கலாமே" என்று பானுமதி கேட்டதற்கு, விளங்காதவளிடம் பேசுவதைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். கப் தீர்ந்தால் பாப்பாரப்பட்டியிலிருந்து வாங்கி வருவது யார் என்று பானுமதி தன்னையே கேட்டுக்கொண்டார். அவர்தான். வாரச் சந்தைக்குப் போகும்போதெல்லாம், தபால் கட்டும் சணலோடு சேர்த்து.

அன்றே முதல் வரியில் பென்சிலால் எழுதினார். எழுதியதை இரண்டு முறை அழிக்கப் பார்த்தார். வேறு ஏதாவது கிடைக்காதா என்று யோசித்தார். பொங்கலுக்கு உறவுக்காரர்களுக்குக் கொடுக்கும் வெற்றிலை பாக்கு, கேழ்வரகுக் கூழ், மோர். எல்லாம் உண்மைதான். ஆனால் அவையெல்லாம் யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. ரப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

பத்தாம் நாள் குள்ளம்மாள் வந்தார். ஜன்னல் கம்பியைத் தொடாமல் இரண்டடி தள்ளி நின்றார்.

"லெட்டர் ஏதாச்சும் வந்துதுங்களா?" என்று தமிழில் கேட்டார்.

பானுமதி இல்லை என்று தலையாட்டினார். நெமியில் சொல்ல நாக்கு வரவில்லை. குள்ளம்மாள் திரும்பப் போனவரை, "ஒரு நிமிசம் இருங்கக்கா" என்றார். இத்தனை வருடத்தில் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நோட்டைத் திருப்பி, பேப்பர் கப் அடுக்குக்குப் பக்கத்தில், ஜன்னல் திட்டில் வைத்தார்.

குள்ளம்மாள் கிட்டே வந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "லிச… கோமு… ரா." லிச காகிதம், கோமு கப், ரா கொடுக்கிற கை. அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிரிக்கவில்லை. இன்னொரு முறை மனதுக்குள் படிப்பது உதட்டில் தெரிந்தது.

"பென்சில்ல இருக்குதுங்களே."

"நீங்க ஆமான்னு சொன்னீங்கன்னா…"

"நான் எப்படிங்க சொல்றது? அந்த ஆளுங்கள்ல ஒருத்தரு சொல்லணும்னு நீங்கதான எழுதி வெச்சிருக்கறீங்க."

பானுமதி மைப்பேனாவின் மூடியைக் கழற்றி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் நிதானமாக ஓட்டினார். கடைசி எழுத்தில் மை கொஞ்சம் கூடுதலாக விழுந்துவிட்டது. ஊதவும் தோன்றாமல் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

குள்ளம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்த ஈர எழுத்தின் மேல் மெதுவாக ஊதினார்.