சாமி வராத ஆட்டம்

முனீஸ்வரிக்கு எரிச்சல் வர ஒரே ஒரு கேள்வி போதும். "பிள்ளைகள எப்பம்மா ஸ்டேஜ் ஏத்துறீக?"

அருப்புக்கோட்டையிலிருந்து ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் வயசுப் பிள்ளைகளை ஆடவைப்பதுதான் அவள் வேலை. மனசில் கிடப்பதை உடம்பு இறக்கி வைக்கட்டும் என்று ஆடும் ஆட்டம். மேடை கிடையாது, பரிசு கிடையாது, வேடிக்கை பார்க்க ஆளும் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை வறண்டுவிட்டது. பிறகு எதற்கு இந்த ஆட்டம் என்று பெற்றவர்கள் பிள்ளைகளைப் பருத்தி எடுக்க அனுப்பிவிடுவார்கள். அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து ஒரு ஊரும் அவளைக் கூப்பிட்டதில்லை.

அப்போதுதான் செல்வலட்சுமி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தாள். பதினேழு வயது. நூல் மில் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்தவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. பொங்கல் கழிந்ததும் திரும்ப அனுப்பியே தீருவேன் என்று அப்பா காளிராஜ் ஒற்றைக் காலில் நின்றார்.

ஒரு சனிக்கிழமை சமுதாயக்கூடத்தில் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தவள், திடீரெனக் கைகளை உதறி, தலைமுடி அவிழ, தேம்பித் தேம்பி அழுதாள். மகளைக் கூட்டிப்போக வந்த சங்கரம்மாள் வாசலிலிருந்து அதைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓடிவந்து மகள் காலில் விழுந்தாள்.

"ஆத்தா, யாரு வந்திருக்கீக? நான் என்ன கொறை வச்சேன்?"

முனீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். "யக்கா, சாமியும் வரல, ஒண்ணும் வரல. எந்திரிங்க."

செல்வலட்சுமி கண்ணைத் திறந்தாள். "நாந்தாம்மா. என்னைய மில்லுக்கு அனுப்பாத. அங்க என்னால இருக்க முடியல."

"சரி ஆத்தா. நீ சொன்னாச் சரி." முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து மகள் நெற்றியில் பூசினாள் சங்கரம்மாள்.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. மில் பேச்சை காளிராஜ் அதோடு விட்டுவிட்டார். அடுத்த வாரம் காரியாபட்டிப் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "சாமி வர்ற கிளாஸு நீங்கதான் எடுக்கீகளா? எங்க ஊருக்கும் வாங்களேன்."

முனீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கத்தியும் தன் பேச்சு போய்ச் சேராத ஊருக்கு ஒரு பொய் பஸ் ஏறிப் போய்விட்டதே! நேரே சங்கரம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"உங்க மக வாயத் தொறந்து நாந்தாம்மான்னு சொல்லுச்சே, காதுல விழலயாக்கா? பிள்ளை பேசினத ஆத்தா பேசினதாச் சொல்லித் திரியிறீகளே, நல்லாவா இருக்கு?"

சங்கரம்மாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"விழுந்துச்சு டீச்சர். மொதல்ல சாமின்னுதான் கால்ல விழுந்தேன். அவ பேசவும் தெரிஞ்சுபோச்சு. எம் மக கொரலு எனக்குத் தெரியாதா? ஆனா மக சொன்னான்னா அவுக அப்பா கேப்பாகளா? நான் சொன்னாத்தான் கேப்பாகளா? ஆத்தா சொன்னா கேப்பாக."

முனீஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வத்தலை எடுத்துக் காம்பைக் கிள்ளினாள்.

"அப்ப காரியாபட்டிப் பக்கமிருந்து சாமி வர்ற கிளாஸுன்னு என்னையக் கூப்பிட்டவுக? அவுகளும் நெசம்னு நம்பலயா?"

"அவளும் பொம்பளப் பிள்ளையப் பெத்தவதான டீச்சர். போயிட்டு வாங்க," என்று அடுத்த வத்தலை எடுத்தாள் சங்கரம்மாள்.