ஐந்து வருஷம் என்று நான் சொன்னது

இன்சூரன்ஸ் கம்பெனி அம்மாவை ஏமாற்றிவிட்டது என்று நீங்கள் இரண்டு பேரும் எல்லோரிடமும் சொல்கிறீர்கள். ஏமாற்றியதுதான். ஆனால் அவர்களுக்கு வழி விட்டவன் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது மூத்தவள் நீ பூனாவில் வேலையில் இருந்தாய், தம்பிக்குப் பரீட்சை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தப் பாலிசியை எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. பட்டறையில் தைக்கும் பைகளுக்குத் தீபாவளி ஆர்டர் பணம் வந்ததும் முதல் வேலையாக அதன் தவணையைக் கட்டிவிடுவேன். குடலிறக்கத்துக்கு நான் முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்த்ததையெல்லாம் அம்மா பார்க்கக்கூடாது என்று நினைத்தேன்.

அந்த ஆஸ்பத்திரி வரிசையில் நம் தாராவிச் சனம் ஒன்று கற்று வைத்திருக்கிறது. நேற்றிலிருந்து வலி என்றால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ரொம்ப நாளாக வலி என்றால்தான் பெரிய டாக்டருக்குச் சீட்டு எழுதுவார்கள். அதனால் ஒரு வாரத்தை ஒரு மாசம் என்போம், ஒரு மாசத்தை ஒரு வருஷம் என்போம். அதை யாரும் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவன் மாத்திரையோடு திரும்ப முடியுமா?

அம்மாவுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்து நாற்பது நாள் இருக்கும். ஒரு நாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏணியில் பாதி ஏறியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செம்பூரில் இன்சூரன்ஸ் கார்டு செல்லும் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றுக்குக் கொண்டுபோனேன். அம்மா முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. சின்ன வயசு டாக்டர் பேனாவைத் திறந்துகொண்டு, "கப் ஸே?" என்று கேட்டார். எப்போதிலிருந்து என்று.

என் வாய் தன்னால் சொன்னது: "பாஞ்ச் சால் ஸே, டாக்டர் சாப்." ஐந்து வருஷமாக.

அவர் எழுதிக்கொண்டார். உடனே டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனார்கள். நான் சொன்னதால்தான் இவ்வளவு வேகம் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

இதய வால்வு கெட்டுவிட்டது, சீக்கிரம் மாற்ற வேண்டும் என்றார்கள். கம்பெனியின் சம்மதம் கேட்டுத் தாள்கள் போயின. நான்காம் நாள் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் இருந்த பெண் பதிலைச் சொன்னாள். நோய் ஐந்து வருஷமாக இருக்கிறது, பாலிசி எடுத்தது மூன்று வருஷம் முன்னால், நோயை மறைத்து எடுத்திருக்கிறீர்கள், பணம் கிடையாது. எங்கிருந்து வந்தது இந்த ஐந்து வருஷம் என்று சண்டைக்குப் போனேன். அவள் கேஸ் பேப்பரைத் திருப்பிக் காட்டினாள்.

டாக்டரிடம் ஓடினேன். முதலில் எழுதியதை அடிக்க முடியாது, நீங்கள் இன்று மாற்றிச் சொன்னதாக வேண்டுமானால் கீழே எழுதுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். மறுத்த பிறகு வரும் திருத்தம் செல்லாது என்றது கம்பெனி. நமக்குப் பாலிசி விற்றவர் போனை எடுக்கவில்லை. சொந்தப் பணத்தில் அங்கே ஆபரேஷன் என்றால் வீட்டை விற்றாலும் காணாது.

திரும்பி வரும்போது டாக்சியில் அம்மா மூச்சு வாங்கி வாங்கித் திட்டினாள்.

"அஞ்சு வருசம்னு எந்த வாயால சொன்னிய? அஞ்சு வருசமா மூச்சு முட்டுனவதான் தெனம் ரெண்டு கொடத்தத் தூக்கிட்டு மாடி ஏறுனாளாக்கும்?"

"சீக்கிரம் பாப்பாங்கன்னுதான் சொன்னேன்."

"பாத்துட்டாங்கல்லா, வெளிய அனுப்பிட்டாங்க. இப்பம் சந்தோசமா?"

கம்பெனிக்கு மனு போட்டேன். விசாரிக்க ஒருவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தமிழ்க்காரப் பையன்தான். மரியாதையாகத்தான் பேசினான்.

"அஞ்சு வருசம் இல்லைன்னா முந்தின ரிப்போர்ட்டக் காட்டுங்க அண்ணாச்சி. ஈசிஜி, எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு, எதாச்சும்."

"அவ டாக்டர்ட்டயே போனதில்ல தம்பி. நல்லாத்தான இருந்தா."

"நல்லா இருந்ததுக்குப் பேப்பர் வேணும்ல?"

கட்டிலில் சாய்ந்திருந்த அம்மா நிமிர்ந்தாள். "நான் தண்ணி சொமந்தத இந்தச் சந்தே பாத்திருக்கு. கூப்பிடட்டுமா?"

"சாட்சி கேக்க நான் கோர்ட்டு இல்லக்கா."

"அப்பம் டீயாவது குடிச்சிட்டுப் போங்க. டீ குடிச்சதுக்கு நான் பேப்பர் கேக்க மாட்டேன்."

அவன் சிரித்துக்கொண்டே குடித்தான். போகும்போது நம் மருந்து டப்பாவைப் போட்டோ எடுத்தான். தைலமும் காய்ச்சல் மாத்திரையும்தான் இருந்தன. நோயாளியாக இருந்திருந்தால் பேப்பர் இருந்திருக்கும். ஆரோக்கியமாக இருந்தவளிடம் என்ன இருக்கும்? ஒன்றும் இல்லாததையே மறைத்ததற்குச் சாட்சியாக எழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

மேல் மனுவை இங்கிலீஷில் எழுத மாட்டுங்காவில் ஒருவரைப் பிடித்தேன். ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "டாக்டர் தப்பா எழுதிட்டார்னு போட்டுடலாம். உங்க மேல ஒண்ணும் வராது" என்றார். எனக்கு மனசு வரவில்லை. அந்த டாக்டர் பிள்ளை நான் சொன்னதைத்தானே எழுதினார்? நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு மாசம் கழித்துப் பதில் வந்தது. தவறான தகவல் கொடுத்ததை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள், ஆகவே இப்போது சொல்வதையும் நம்புவதற்கில்லை. மாட்டுங்காக்காரர் அதை இரண்டு தடவை படித்துச் சொன்னார். உங்கள் கண்ணில் படக்கூடாது என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

பொய் சொன்னபோது நம்பினார்கள். நிஜம் சொன்னபோது நம்பவில்லை. தவணையை மட்டும் மூன்று வருஷமும் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏழு மாசம் தள்ளித் தேதி கிடைத்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வராந்தா முழுக்க நோயாளிகள் படுத்திருந்தார்கள். ஐந்தாம் மாசம் அம்மா கையிலிருந்து டம்ளர் விழுந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்தது. கெட்ட வால்வில் கட்டிய ரத்தம் மூளைக்குப் போய்விட்டது என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் எல்லோருக்கும் மெசேஜ் அனுப்பினீர்கள். முடிந்தது, வாஸ்தவம். வால்வு நன்றாக வேலை செய்கிறது. பேச்சுதான் போய்விட்டது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பழக்கும் பெண் என்னிடம் கேட்டாள், இவர் வீட்டில் எந்த வார்த்தைகளை அதிகம் சொல்வார், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று. உங்கள் அம்மா அதிகம் சொன்னது என்னைத் திட்டியதுதான். அதை ஹிந்தியில் சொல்ல வெட்கமாக இருந்தது. தண்ணீர், சாப்பாடு என்று சொல்லிவிட்டேன். அம்மா சார்பாக மறுபடியும் நானே தப்பாகச் சொன்னேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதடு அசைந்தது. வரவில்லை.

அடுத்த வாரம் நீங்கள் யாராவது கூடப் போங்கள். நான் சொன்னது தப்பு என்று சொல்லி மாற்றச் சொல்லுங்கள். அங்கே அடித்து எழுதுவார்கள், அந்தப் பெண் பென்சிலில்தான் எழுதியிருக்கிறாள். என்னைத் திட்டுவதிலிருந்தே ஆரம்பிக்கட்டும்.