ஹில்க்கா வாங்கப்போன மோதிரப் பெட்டி

நுர்மெஸ் ஊரில் ஹில்க்காவின் வாய்க்கு அஞ்சாத நாய் கிடையாது. முப்பது வருஷம் மஞ்சள் வண்டியில் தபால் கொடுத்தவள். எந்த வீட்டில் என்ன நடந்தாலும் தனக்குத் தெரியாமல் போகாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த நினைப்பில்தான் மண் விழுந்தது.

அன்று பிப்ரவரி இருபத்தொன்பது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை வரும் இந்த நாளில், ஊர் வழக்கப்படி பெண்ணே போய்க் கல்யாணம் கேட்கலாம். மாட்டேன் என்கிற ஆண் பாவாடைத் துணி வாங்கித் தந்து தப்பிக்க வேண்டும். அறுபத்திரண்டு வயது ஹில்க்காவுக்குத் துணி வேண்டாம், உர்ஹோதான் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரன், சானா என்கிற நீராவிக் குளியலறைக்கு அடுப்பு கட்டுகிறவன். சனிக்கிழமைதோறும் அவள் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, பனியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவான். போன சனிக்கிழமை மூன்றாவதாக ஒன்று சொன்னான்: வீட்டை விற்றுவிட்டு ஔலு நகரத்தில் இருக்கும் தங்கையிடம் போகப்போகிறானாம். இன்று விட்டால் ஆள் கைநழுவிப் போய்விடுவான்.

மோதிரப் பெட்டி வாங்கத் தச்சன் தௌனோவின் பட்டறைக்குப் போனாள்.

"ரெண்டு மோதிரத்துக்கும் குழி இருக்கணும் தௌனோ, எனக்கொண்ணு, அவனுக்கொண்ணு. கீல் கிறீச்சுனு கத்தக்கூடாது. மானம் போயிரும்."

"அவன்னா யாரு?"

"உர்ஹோ. சிரிச்சேன்னா அந்த உளியாலயே போடுவேன்."

தௌனோ சிரிக்கவில்லை. பரப்பி வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தான். மேல்தட்டிலிருந்து, சுருள் சுருளாக ரேகை ஓடிய பிர்ச் மரப்பெட்டி ஒன்றை இறக்கித் தூசியை ஊதினான். திறந்தால் இரண்டு குழிகள். மூடியின் உள்பக்கம் இரண்டு பெயர்கள் செதுக்கியிருந்தன: உர்ஹோ, ஹில்க்கா.

"இத யாரு செய்யச் சொன்னா?"

"அவன்தான். பதினோரு வருஷமாச்சு. தைரியம் வந்ததும் எடுத்துக்கிறேன்னான்."

ஹில்க்கா மரத்தூளின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். பதினோரு வருஷம்! எத்தனை சனிக்கிழமை, எத்தனை காப்பி!

"அடப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கலியே."

பெட்டியைப் பறித்துக்கொண்டு பனியில் விழுந்தடித்து ஓடினாள். உர்ஹோ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் பெட்டியை நங்கென்று வைத்தாள்.

"பதினோரு வருஷமா என்னய்யா பண்ணிட்டிருந்தே?"

"சமயம் பாத்துட்டிருந்தேன்."

"வாராவாரம் எதிர்லதானே உக்காந்திருந்தேன்!"

"உக்காந்திருந்தே. பேசிட்டும் இருந்தே." கத்தியைக் கீழே வைத்தான். "நடுவுல புகுந்து சொல்ல எனக்கு வரல, ஹில்க்கா."

அவளுக்குச் சுருக்கென்றது. திட்ட வாயைத் திறந்தாள், ஒரு சொல்லும் வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல்முறையாக நுர்மெஸில் ஹில்க்கா வாயடைத்து நின்றாள்.

அந்த அமைதியில் உர்ஹோ எழுந்துபோய், அலமாரியிலிருந்து இரண்டு மோதிரங்களை எடுத்து வந்தான்.

"என்னைக் கட்டிக்கிறியா?"

அவள் கையை நீட்டினாள். மோதிரம் விரல் கணுவோடு நின்றுவிட்டது. கடுதாசி திணித்துத் திணித்து வீங்கிப்போன கணு. அவன் மெதுவாகத் திருகிப் பார்த்தான், இறங்கவில்லை.

"வாங்கினப்போ சரியா இருந்திருக்கும்," என்றான்.

ஹில்க்கா அந்த விரலையே பார்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"நிக்கிறியே," என்றாள். "போய் சோப்பு எடுத்துட்டு வா."