அக்கா ஒட்டிய சீட்டுகள்

பத்தாவது மட்டும் படித்தவள் எழுத வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று மாலை எங்கள் சிட்லபாக்கம் வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனில் பிள்ளைகள், "வாட்டர் டு டிரிங்க், கிளோத்ஸ் டு வாஷ்" என்று சத்தமாகப் படித்தார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது.

நான் பத்தாவது எழுதிய வருஷம் அது. அக்கா பத்தாவது இங்கிலீஷில் இரண்டு முறை தவறியிருந்தாள். மூன்றாவது முறை என்னோடு சேர்ந்து எழுத வேண்டியதாயிற்று. நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. "இந்தத் தடவையும் போச்சுன்னா தோல் கம்பெனிதான்" என்று அப்பா சொல்லிவிட்டார்.

எந்தப் பொருள் எதற்கு என்று காலண்டர் தாளின் பின்பக்கம் இங்கிலீஷில் எழுதி, சோற்றுப் பருக்கையால் வீடெங்கும் ஒட்டினாள் அக்கா. தண்ணீர்க் குடத்தில் ஒன்று, அழுக்குத் துணி மூட்டையில் ஒன்று.

"எம்மேல இன்னாடி ஒட்டப்போற?" என்றாள் அம்மா.

"திட்டறதுக்கு ஒரு அம்மான்னு எழுதி ஒட்டுறேன், இரு."

குடத்தைத் தூக்கும்போதெல்லாம் வாசித்து வாசித்து எனக்கும் அது மனதில் நின்றது. நான் பாஸானேன். அக்கா நாலு மார்க்கில் தவறினாள். அழுதது நான்தான்.

"உனக்குத்தான் ஒட்டினேன்னு வச்சுக்கடி. மூஞ்சியக் கழுவு, போ" என்றாள்.

ராஜகீழ்ப்பாக்கம் மருந்துக்கடையில் இன்று டாக்டர் சீட்டைப் படித்து நான் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறேன் என்றால், அது அவள் தந்த படிப்பு. இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

ரிசல்ட் வந்த மறுநாள், காலை ஏழரை மணி பஸ்ஸில் அக்கா குரோம்பேட்டைக்குத் தோல் கம்பெனி வேலைக்குப் போனாள்.